பதினேழாவது வார்டில் முதியோர் இல்லை

பூட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதச் சொல்லியிருந்தால், 1985ஆம் வருஷத்து ஐப்பசியில் கன்னையன் வாத்தியார் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்திருப்பார். போடி பதினேழாவது வார்டு மேட்டுத் தெருவில் வீடு எழுபத்திரண்டு. எழுபத்திரண்டிலும் பூட்டு. திண்டுக்கல் பூட்டு, இழுத்தாலே திறந்துகொள்ளும் சந்தைப் பூட்டு, பூட்டுக்கு வக்கில்லாமல் சைக்கிள் செயினைச் சுற்றிவிட்ட கதவு, அதுவும் இல்லாத வீட்டில் சணல் கயிற்றில் மூன்று முடிச்சு. வாக்காளர் பட்டியலுக்குப் பேர் எழுத வந்த மனிதர் நாலு நாளாகப் பூட்டுகளைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப வருஷமாகக் கிடப்பில் கிடந்த நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று சொல்லி, பள்ளிக்கூட வாத்தியார்களைப் பிடித்து வார்டுக்கு வார்டு இறக்கிவிட்டிருந்தார்கள். கன்னையனுக்கு அவர் குடியிருக்கும் வார்டே விழுந்தது. தன் வீடு இருக்கும் கீழத் தெருவை ஒன்றரை நாளில் முடித்துவிட்டார். அங்கே எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், காபி கொடுத்தார்கள், வயசைக் கேட்டால் சொன்னார்கள். மேட்டுத் தெருதான் மென்னியைப் பிடித்தது. அந்தத் தெரு மொத்தமும் காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு தாண்டி, ஏலத் தோட்டத்துக்குப் போய்விடும். இறங்கி வர மணி ஆறரை ஆகும். மலை ஏற முழங்கால் விடாத கிழடுகட்டைகள் டவுனுக்குள் இருக்கிற ஏலக்காய்க் குடோன்களில் உட்கார்ந்து காய் பொறுக்கும். அரசாங்கத்தின் நேரமோ பத்து முதல் ஐந்து. அந்த நேரத்தில் மேட்டுத் தெருவில் வசித்தது நாலு கோழியும் ஒரு செவலை நாயும். இருபத்தோரு வயசு ஆனால்தான் பட்டியலில் சேர்க்கலாம், அதுகளுக்கு ஆகவில்லை.

மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் 'குடிபெயர்ந்தவர்' என்று எழுதிவிடலாம் என்று சுற்றறிக்கை சொன்னது. வாத்தியார் எழுதவில்லை. இரக்கம் ஒன்றும் இல்லை. ஒரு தெருவே குடிபெயர்ந்துவிட்டது என்று எழுதினால் மேலே இருந்து விளக்கம் கேட்பார்கள். இருபத்திநாலு வருஷ சர்வீஸில் அவரிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தார். கதவுகள் திறந்திருந்தன; பொம்பளைகளைக் காணோம். குடத்தை எடுத்துக்கொண்டு அரை மைல் தள்ளி இருக்கிற கிணற்றுக்குப் போயிருந்தார்கள். தெருக்குழாய் இருக்கிறதே என்று கேட்டதற்கு, ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்த ஒருவன் கொட்டாவிக்கு நடுவே பதில் சொன்னான்.

"அதுல காலையில பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் வரும் சார். அப்ப நாங்க மலையில இருப்போம். சாக்கடை கழுவிக்கிரும்."

"சரி, உன் சம்சாரத்துக்கு வயசு என்ன?"

"என்ன, எம்புட்டு இருக்கும். இருக்கும் சார். நாளைக்கு வாங்களேன்."

நாளைக்கு வருவதாக இல்லை என்று வாத்தியார் முடிவெடுத்தார். ஜனங்கள் வீட்டில் இல்லையென்றால், ஜனங்கள் இருக்கும் இடத்துக்குப் போவதுதான் நிர்வாகம். இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், அன்று ராச்சாப்பாட்டில் சம்சாரம் பாண்டியம்மாளிடம் இரண்டு தடவை சொன்னார். "குளிருக்குத் துண்டு கொண்டு போங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை ஜீப்பில் முன்சீட்டு கேட்டு வாங்கினார். முன்சீட்டில் ஏற்கெனவே மூன்று பேர். டிரைவர் பாதி வெளியே தொங்கினான். "சார், கொஞ்சம் தள்ளிக்கிருங்க. கியரு உங்க முழங்காலுக்குள்ள இருக்கு." ஆறாவது வளைவு வரை வாத்தியார் மரியாதையாகத்தான் வந்தார். ஒன்பதாவது வளைவில் தலையை வெளியே நீட்டினார்.

அவருக்குப் பின்னால், பதினாலு பேர் நெரிசலில் தூக்குவாளியை மடியில் வைத்திருந்த ஒருத்தி, ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

"மோந்துக்கிருங்க வாத்தியாரே. எம் பேரு வீரலட்சுமி. அம்பத்தெட்டாம் நம்பர் வீடு. லிஸ்டு எழுதத்தான வர்றீக?"

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

"எம் பேரை மறக்காம எழுதிருங்க. நான் எலெக்சன்ல நிக்கப் போறேன். லிஸ்டுல பேரு இருந்தாத்தான் மனு வாங்குவாகளாம்ல."

ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள், "ஆமா, இவதான் நிக்கிறா. குழாத் தண்ணிய சாயங்காலம் ஆறரைக்கு மாத்தி விடச் சொல்லி" என்று விளக்கம் சொன்னாள். மேட்டுத் தெரு இதற்காக ஐந்து வருஷமாக மனுக் கொடுத்திருக்கிறது. மனுவை விசாரிக்க வந்த அதிகாரிகளும் பத்து மணிக்குத்தான் வந்தார்கள். பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆகவே ஒரு ஆளை உள்ளேயே அனுப்பிவிடுவது என்று தெரு கூடிப் பேசியிருந்தது.

"எல்லாம் ரெக்கார்டுபடிதான் எழுதுவேன்" என்றார் வாத்தியார், பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமல்.

தோட்டத்தில் அந்த ரெக்கார்டு தயாராக இருந்தது. செக்ரோல் என்று அதற்குப் பேர். காக்கி அட்டை போட்ட நீளமான பேரேடு. யார் வேலைக்கு வந்தார், வரவில்லை என்று தினமும் குறிப்பது. கங்காணி மொக்கச்சாமி ஸ்டோர் வராந்தாவில் ஸ்டூல் போட்டு, கட்டன் சாயா வைத்து, பேரேட்டைத் திறந்து வைத்தார். பேர், தகப்பன் அல்லது புருஷன் பேர், வயசு, போடியில் கதவு எண். வாத்தியாருக்குக் கண்ணில் நீர் நின்றது. அவருடைய படிவத்தில் இருந்த கட்டங்கள் அத்தனையும், அதே வரிசையில்.

"நீங்க எதுக்கு சார் சரிவுல எறங்கி ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு? அட்டைப்பூச்சி இருக்கு, வழுக்கு இருக்கு. பணி நேரத்துல ஆளை நிறுத்துனா முதலாளி சம்மதிக்கமாட்டாரு. நான் வாசிக்கிறேன், எழுதிக்கிருங்க."

"ஆள் எல்லாம் இருக்கில்ல?"

"பேரும் இருக்கு, ஆளும் இருக்கு சார்" என்றார் மொக்கச்சாமி. அவர் பொய் சொல்லவில்லை.

சில வயசுகள் பதினெட்டு, பத்தொன்பது என்று வந்தன. வாத்தியார் பேனாவைத் தூக்கினார். "அப்ப இருபத்தொண்ணுன்னு போட்டுக்கிருங்க, என்ன கெட்டுப்போச்சு" என்றார் கங்காணி. மூன்று மணி நேரத்தில் இருநூற்று ஒன்பது பேர். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. கீழே சரிவில் ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த இருநூற்றுச் சொச்சம் முதுகுகளை வாத்தியார் ஒரு தரம் திருப்தியாகப் பார்த்துவிட்டு, மூணு மணி ஜீப்பில் இறங்கிவிட்டார்.

பத்து நாள் கழித்துக் கூட்டம். தேர்தல் அதிகாரி மெட்ராஸிலிருந்து புதிதாக வந்தவர். புள்ளிவிவரத்தில் பட்டம் வாங்கியவர். வெறும் பட்டியல் போதாது, வார்டுவாரியாக மக்கள்தொகையின் தன்மைகளும் வேண்டும் என்று தனியாக ஒரு அறிக்கை கேட்டு வாங்கியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியார்கள் நடுவில் நின்றார்.

"மற்ற வார்டுகளில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பதினேழாவது வார்டு மேட்டுத் தெருவில் ஒருவர்கூட இல்லை. சராசரி வயது இருபத்திநான்கு. இதை எப்படி விளக்குகிறீர்கள்?"

கன்னையன் எழுந்து நின்றார். அவரும் இதை யோசித்தது கிடையாது. "மலைக்காற்றுங்க" என்றார்.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். மலைக்காற்று, உடலுழைப்பு, ஏலக்காயின் மருத்துவ குணம் என்று அறிக்கையில் ஒரு பத்தியே வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத முன்மாதிரிப் பட்டியல் என்று கன்னையனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம். அவர் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். விஷயம் வெளியே கசிந்து, வார்டில் நிற்கப்போகிற ஏலக்காய் வியாபாரி அழகுமலை காதுக்கும் எட்டியது. இத்தனை இளவட்டம் இருக்கிற தெருவா என்று அவர் அசந்துபோய், மதுரையிலிருந்து ஆறு கேரம் போர்டு தருவித்து, மேட்டுத் தெரு முக்கில் 'அழகுமலை இளைஞர் மன்றம்' திறந்துவைத்தார். பகல் முழுக்க மன்றம் திறந்திருந்தது. செவலை நாய் அங்கே படுக்கப் பழகிக்கொண்டது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீரலட்சுமி வந்தாள். வரைவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் இரண்டு தடவை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"வாத்தியாரே, எம் பேரு இல்லை."

"இல்லாம இருக்காதே. அப்படி வராதே." வாத்தியார் கண்ணாடி போட்ட கடிதத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "அம்பத்தெட்டாம் நம்பர். இந்தா, செல்லத்தாய், வயசு இருபத்திநாலு. உன் வீட்ல வேற யாரையும் செக்ரோல்ல காணோமே."

"அது நான்தான்."

"நீதான வீரலட்சுமின்னு சொன்ன?"

"கீழ போடியில வீரலட்சுமி. மலையில செல்லத்தாய்."

வாத்தியார் பட்டியலைக் கீழே வைத்தார். அவள் பொறுமையாகச் சொன்னாள், சின்ன வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. செல்லத்தாய் அவளுடைய மாமியார். முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னால் மலை ஏறியது. முழங்கால் போய்விட்டது, இப்போது அழகுமலை குடோனில் காய் பொறுக்குகிறது. செக்ரோலில் நிரந்தரமாக இருக்கிற பேரை எடுத்துவிட்டால், புதுப்பேர் தற்காலிகம் ஆகிவிடும். போனஸ் கிடையாது, கம்பளி கிடையாது. ஆகவே ஆள் இறங்கினாலும் பேரை இறக்குவதில்லை. மாமியார் பேரில் மருமகள், அப்பன் பேரில் மகன். வயசும் முதல்முதல் எழுதியது எழுதியபடி நிற்கும்.

"தெருவுக்கே இப்படித்தானா?"

"பூராப் பேரும். முப்பதாம் நம்பர்ல ஒருத்தர் பேரு எழுதிருக்கீகல்ல, அவர் செத்து ஏழு வருசம். மகன்தான் போறான். பேரு நல்லா சோலி பாக்குது."

வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். இருநூற்று ஒன்பது பேரில் பாதி கிழடு, மீதி செத்தது. முன்மாதிரிப் பட்டியல்.

"ஏம்மா, அன்னைக்கே ஜீப்புல சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே, வீரலட்சுமின்னு எழுதுங்கன்னு. ரெக்கார்டுபடின்னீக."

"மத்தவுங்க யாரும் கேட்கலையே?"

"அவுகளுக்கு என்ன. ஓட்டுப் போடுற அன்னைக்கு அந்தந்தப் பேர்ல போட்டுட்டுப் போறாக. எனக்கு மட்டும்தான் சொந்தப் பேரு வேணும்."

"நீயும் செல்லத்தாய்ங்கிற பேர்லயே நின்னுட்டுப் போயேன்" என்றார் வாத்தியார். சொல்லும்போதே தனக்கு இது அழகில்லை என்று தெரிந்தது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

வீரலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "செவுத்துல செல்லத்தாய்க்கு ஓட்டுப் போடுங்கன்னு எழுதுனா, ஜெயிக்கிறது யாரு? கெழவி. நாற்காலியில அதுதான் போயி உக்காரும். கேட்டுப் பாத்துட்டேன், சம்மதம்னு சொல்லிருச்சு. அழகுமலை அண்ணாச்சி கூலிய வாங்கிக்கிட்டு அது அங்க போயி அண்ணாச்சி சொல்றதுக்குக் கை தூக்கும். வீட்டுல அது என்னைய ஆளுறது போதும் வாத்தியாரே. வார்டையும் அதுகிட்டக் குடுக்க முடியாது. இந்த மாசக் கடைசிக்குள்ள எம் பேரைக் கொண்டாங்க."

மறுநாள் வாத்தியார் தேர்தல் பிரிவுக்குப் போனார். அங்கே எழுத்தர் அமாவாசை. எதையும் முடியாது என்று சொல்லமாட்டார். முடிவதற்கு என்னென்ன வேண்டும் என்று சொல்வார். கேட்டவர் தானாகவே எழுந்து போய்விடுவார்.

"ஒரு பேர் விட்டுப்போச்சு. சேர்க்கணும்" என்றார் வாத்தியார். இருநூற்று ஒன்பதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"தாராளமா சேர்க்கலாம் சார். அந்தப் பேர் அந்த வீட்ல இருக்குன்னு ஒரு ஆதாரம் வேணும். செக்ரோல் நகல் கொண்டாங்க. உங்க பட்டியலுக்கே அதுதான ஆதாரம்."

"செக்ரோல்ல அந்தப் பேர் இல்லை."

"அப்ப அப்படி ஒரு ஆள் இல்லைல்ல சார்?"

வாத்தியார் அரைமணி நேரம் பேசி, ரேஷன் கார்டில் அவள் பேர் இருக்கிறது என்று அதை ஏற்றுக்கொள்ளவைத்தார். அமாவாசை அடுத்த தாளை எடுத்தார்.

"இன்னொண்ணு சார். பதினேழாவது வார்டு மொத்தம் ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு. ஸ்டென்சில் வெட்டி மதுரைக்கு அனுப்பியாச்சு. அதிகாரி அந்த எண்ணை வச்சு சராசரி எல்லாம் போட்டுட்டாரு. நாப்பத்தேழு ஆனா சராசரி கெட்டுப்போகும். திரும்ப எல்லா வார்டுக்கும் வெட்டணும். அதனால ஒருத்தரைச் சேர்க்கணும்னா ஒருத்தரை எடுத்துட்டு வாங்க."

"எடுத்துட்டு வரவா? என்னய்யா, கத்திரிக்காயா?"

"ஆட்சேபணை மனு குடுத்து எடுக்கணும் சார். ஆட்சேபிக்கப்படுறவர் நேர்ல வந்து சம்மதிக்கணும்."

எடுக்க வேண்டிய பேர் எது என்பதில் வாத்தியாருக்குச் சந்தேகம் இல்லை. செத்தவர்கள் சம்மதம் சொல்ல வரமாட்டார்கள். ஆகவே செல்லத்தாய். மாமியார் பேரை எடுத்து மருமகள் பேரைப் போட்டால் கணக்குச் சரி. விசாரணைக்குச் செல்லத்தாய் வந்தாள், குடோனில் அரைநாள் விடுப்புக் கேட்டு, வெற்றிலைப் பையோடு. அமாவாசை பட்டியலையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"செல்லத்தாய் வயசு இருபத்திநாலு. நீங்க யாரு ஆத்தா?"

"நான்தாய்யா செல்லத்தாய்."

"ரெக்கார்டுபடி நீங்க இல்லையே."

"அப்ப மலையில முப்பது வருசம் அட்டைக்கு ரத்தம் குடுத்தது உங்க ரெக்கார்டா?" அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பினாள். "அப்பு, நல்லாக் கேட்டுக்க. முழங்காலு போச்சு, பல்லு போச்சு. மிச்சம் இருக்கிறது பேரு ஒண்ணுதான். அதையும் மருமகளுக்கு எறக்கி வைன்னா நியாயமா இருக்கா? மலையில குடுத்தேன். இங்க குடுக்கமாட்டேன்."

"நீங்க ஓட்டுப் போடவா போறீங்க பாட்டி?" என்றார் வாத்தியார்.

"போட்டா போடுறேன். போடாட்டிப் போறேன். அது ஏம் பாடு."

போய்விட்டாள். மனு தள்ளுபடி.

அன்றிலிருந்து வாத்தியாருக்குச் சனி பிடித்தது. வீரலட்சுமி தினமும் ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேராக அவர் வீட்டு வாசலுக்கு வந்து, தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். சண்டை போடவில்லை. சத்தம் போடவில்லை. "கெடைச்சதா வாத்தியாரே" என்பாள். இல்லை என்றால் "சரி" என்பாள். எழுந்து போகமாட்டாள். அவள் உடம்பிலிருந்து வந்த பச்சை ஏலக்காய் வாசம் வீடு முழுக்கச் சுற்றியது. டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் அவளைத் தாண்டிக் குதித்துப் போயின.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று அவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"கிணத்துல வரிசை எட்டு மணிக்குத்தான் கொறையும். அதுவரைக்கும் எனக்கு வேற சோலி இல்லை."

வாத்தியார் வார்டு முழுக்க ஒரு பேருக்காக அலைந்தார். கீழத் தெருவில் ஓட்டே போடாத தபால்காரர் ஒருவர் இருந்தார்; தேர்தல் என்றாலே மோசடி என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறவர். "பேரை எடுத்துக்கலாமா அண்ணே?" என்று கேட்டதும் அவருக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை வந்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்து சிலமலைக்கு அனுப்பிவிட்ட வீட்டில் கேட்டார். மகள் வாழாவெட்டியாகத் திரும்பி வந்தால் ஓட்டு வேண்டாமா என்று விளக்குமாற்றைத் தேடினார்கள். யாருக்கும் உபயோகமில்லாத ஒரு பொருள், இன்னொருத்தர் கேட்டதும் பரம்பரைச் சொத்து ஆகிவிட்டது.

கடைசியில் பாண்டியம்மாளிடம் கேட்டார், மெதுவாக, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு.

"எடுத்துக்கிருங்க" என்றாள் அவள். "கூடவே இந்த வீட்டுல உலை வைக்க ஆளில்லைன்னும் எழுதிக்கிருங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் ஒரு ராத்திரி தோன்றியது. சொன்னால் இருநூற்று ஒன்பதும் கவிழும். பாராட்டுக் கடிதம் கீழே இறங்கும், விளக்கம் மேலே ஏறும். மெட்ராஸ் அதிகாரியின் மலைக்காற்றுப் பத்தி என்ன ஆகும்? அதற்குப் பயந்தே அவர் தூங்கவில்லை. நியாயம், தர்மம் என்றெல்லாம் அவர் யோசித்ததாகச் சொன்னால் அது புளுகு.

மாசக் கடைசி, வெள்ளிக்கிழமை, மணி நாலு பத்து. அமாவாசை மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆள் கிடைச்சதா சார்?"

"என் பேரையே எடுத்துருய்யா."

அமாவாசை துடைப்பதை நிறுத்தினார். அவருடைய சர்வீஸிலும் இது புதிது. ஆனால் முடியாது என்று சொல்கிற பழக்கம் இல்லையே. "தாராளமா எடுக்கலாம் சார். நீங்க உங்க மேல ஆட்சேபணை குடுக்கணும்."

குடுத்தார். 'மேற்படி கன்னையன் என்பவர் மேற்கண்ட முகவரியில் குடியிருக்கவில்லை' என்று எழுதி, கீழே கன்னையன் என்று கையெழுத்துப் போட்டார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அமாவாசை அதைப் பதிவு செய்து, ஆட்சேபிக்கப்பட்டவருக்கு ஒரு நோட்டீஸ் எழுதி அவரிடமே நீட்டினார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து.

"இப்ப களப்பணியாளர் அறிக்கை வேணும். மூணு முறை போயி வீடு பூட்டியிருந்துச்சுன்னு."

"களப்பணியாளர் நான்தானே."

"அதான் நீங்களே எழுதணும்."

எழுதினார். மூன்று தேதி போட்டு, மூன்று நேரம் போட்டு, தன் வீட்டுக் கதவில் பூட்டைப் பார்த்ததாக எழுதினார். அதில் ஒன்று தீபாவளி.

"ஆட்சேபிக்கப்பட்டவர் ஆஜரா?"

"யோவ்."

"கேட்கணும் சார். பதிவேட்ல கட்டம் இருக்கு."

"ஆஜர்."

"நீங்க சொல்ல விரும்புறது ஏதாச்சும்?"

வாத்தியாருக்குச் சொல்ல விரும்பியது நிறைய இருந்தது. கட்டம் ஒரு அங்குல அகலம். "இல்லை" என்றார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில், பதினேழாவது வார்டில் 'வீரலட்சுமி, பெண், கதவு எண் 58' ஏறினாள்; 'கன்னையன், ஆண், கதவு எண் 12' இறங்கினார். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. சராசரி கெடவில்லை.

அன்று சாயங்காலம் படியில் உட்கார்ந்திருந்தவளிடம் ரசீதைக் கொடுத்தார். எப்படிக் கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று கொஞ்ச நேரம் நின்றார். அவள் கேட்கவில்லை. ரசீதை விரல் வைத்துப் படித்தாள்.

"வயசு நாப்பத்திரண்டுன்னு போட்டுருக்கு. எனக்கு முப்பத்தஞ்சுதான்."

"ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்கு."

"சரி, போகுது" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெரசாகக் கிணற்றுப் பக்கம் நடந்தாள்.

வீரலட்சுமியின் வேட்புமனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. தை பிறந்ததும் வார்டில் ஓட்டுக் கேட்கிற சத்தம் கிளம்பியது. அழகுமலை வேனில் மைக் கட்டி இளைஞர்களே என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். வழியில் நின்ற கிழவிகள் வேனுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். வீரலட்சுமிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாய்த்தது. நாலைந்து பொம்பளைகளோடு, வாக்காளர் பட்டியலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகக் கீழத் தெருவுக்குள் வந்தாள்.

கன்னையன் துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். அவள் பட்டியலைப் பிரித்தாள்.

"பன்னெண்டாம் நம்பரு. பாண்டியம்மாள். மகன் தவசி. ரெண்டு ஓட்டு." விரல் மேலும் கீழும் போய் வந்தது. "சாருக்கு இதுல பேரு இல்லையே."

"இல்லை."

"ஊருக்கெல்லாம் எழுதுனீக. சொந்தப் பேரை விட்டுப்புட்டீகளே." கூட வந்த பொம்பளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நேரமில்லை. வாத்தியாரைத் தாண்டி உள்ளே பார்த்துக் கும்பிட்டாள். "அக்கா, மறக்காம போட்டுருங்க. நான் வந்தா குழாத் தண்ணி சாயங்காலம் ஆறரைக்கு."

பாண்டியம்மாள் ஈரக் கையோடு நிலைப்படிக்கு வந்தாள். "ஆறரைக்கா? ஒரே தொட்டியில இருந்து வர்றதுதான எங்களுக்கும்? எனக்குப் பத்து மணிதான் தோதா இருக்கு. இவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு அக்கடான்னு பிடிப்பேன். ஆறரைக்கு வந்தா வெளக்கு வைக்கவா, தண்ணி பிடிக்கவா?"

"தவசி தம்பி?"

"அவன் நான் சொல்ற ஆளுக்குத்தான் போடுவான்."

வீரலட்சுமி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பன்னிரண்டாம் நம்பருக்கு எதிரே ஒரு கோடு போட்டாள். "கீழத் தெரு பூரா இதே பதிலாத்தான் இருக்கு. வாங்கடி" என்று அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

கன்னையன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, "ஏன், ஆறரைக்குப் பிடிச்சா என்ன? பாவம், மலையில இருந்து இறங்கி வந்து அரைமைல் நடக்குதுக" என்றார்.

"நீங்க ஏன் இதுல தலையிடுறீக?" என்றாள் பாண்டியம்மாள், உள்ளே போய்க்கொண்டே. "ஓட்டு இருக்கிறவுக பேசிக்கிறோம்."